அம்பயர் அவுரா லீலாவின் இடது கண்

அவுரா லீலா முங்கியா தன் சொந்தக் கொழுந்தனையே மைதானத்தை விட்டு வெளியேற்றிய அன்றுதான், சினாண்டேகா ஊரின் ஞாயிறு பேஸ்பால் லீக் அவளை அம்பயர் என்று ஒப்புக்கொண்டது.

அதற்கு முன் பதினான்கு வருஷம் அவள் பெண்கள் அணியில், பேட்காரிக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய அம்பயர் முந்தின நாள் கல்யாண விருந்தில் குடித்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு அணியும் வெயிலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வேலியோரம் உப்பு தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்த அவுரா லீலா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். முகமூடியை எடுத்து மாட்டி, "சரி, போடுங்கடா பந்தை" என்றாள். ஆள் கிடைக்காத அவசரத்தில் விட்டுவிட்டார்கள். அடுத்த வாரமும் வந்து நின்றாள். இரண்டு மாதம் கூட்டம் அவளை "அடுப்புல பீன்ஸ் தீயுது, ஓடு ஓடு" என்று கத்தியே விரட்டப் பார்த்தது.

கொழுந்தன் ராமீரோ, மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட் என்றதை ஒத்துக்கொள்ளாமல் பேட்டை அவள் காலடியில் வீசி எறிந்தான். அவள் விரலை நீட்டி வாசலைக் காட்டினாள். ராமீரோ மூன்று மாதம் அண்ணன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "சாப்பாடு மிச்சம்" என்றாள் அவுரா லீலா. அதற்கப்புறம் யாரும் பீன்ஸைப் பற்றிப் பேசவில்லை. மற்ற அம்பயர்களைத் திட்டுகிற மாதிரியே அவளையும் "குருடி" என்று திட்டத் தொடங்கினார்கள். அதை அவள் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

வார நாட்களில் அவளுக்கு வேர்க்கடலை ஆலையில் வேலை. ஓடுகிற பட்டையில் கொட்டிக்கொண்டே வரும் பருப்பில் பூசணம் பிடித்ததை, கருத்ததை, சுருங்கியதைக் கண்ணால் கண்டு கையால் பொறுக்கி எறிய வேண்டும். எட்டு மணி நேரம். அந்த வரிசையில் அவளைவிட வேகமாகப் பொறுக்க ஆள் கிடையாது. புருஷன் சாந்தோஸ் உரியேலுக்குப் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் தொழில்.

அவளுக்கு நாற்பத்தேழு வயதாகியிருந்த மார்ச் மாதம். மழையே இல்லாத காலம். ஓணான்கள் அணிக்கும் எரிமலை அணிக்கும் ஆட்டம். ஏழாவது சுற்றில் எரிமலைப் பையன் வீசிய பந்து பேட்டின் நுனியில் உரசி, திசை மாறி, நேராக அவள் முகத்துக்கு வந்தது. அந்த முகமூடியில் இடது பக்கக் கம்பி ஒன்று பற்றவைப்பு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. லீக் தலைவர் தோன் எவெனோரிடம் அவள் மூன்று தடவை சொல்லியாயிற்று. அவரும் மூன்று தடவை கட்டுக்கம்பியால் சுற்றிக் கொடுத்தாயிற்று. பந்து பட்டதும் கட்டு அவிழ்ந்தது, கம்பி உள்ளே மடங்கியது, பந்து கம்பியோடு சேர்ந்து அவள் இடது கண்ணில் இறங்கியது.

மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கேட்சர் ஓடிவந்து தோளைப் பிடித்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, "ஃபவுல்" என்று கத்தினாள். ஃபவுலில் அவுட் கிடையாது, பேட் பிடித்திருந்தவனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி இருந்தது. அடுத்த பந்தை வலது கண்ணால் பார்த்து, ஸ்ட்ரைக் சொல்லி, அவனை அவுட்டாக்கிய பிறகுதான் வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். ஒற்றைக் கண் தீர்ப்பு செல்லாது என்று அந்த ஆள் வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்தான்.

வீக்கம் வடிந்த பிறகும் அந்தக் கண்ணில் எல்லாமே சோப்புத் தண்ணீருக்குள் கிடந்தது போல இருந்தது. கூடவே இன்னொன்று. தலையைக் குனிந்தால் வட்டமாக ஏதோ நீந்தி முன்னால் வந்தது. நிமிர்ந்தால் மெதுவாகச் சறுக்கிக் கீழே போய் ஒளிந்துகொண்டது.

ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் விளக்கை அடித்து வெகு நேரம் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்தார்.

"கண்ணுக்குள்ள நம்ம லென்ஸ் சுத்திவர மெல்லிசு மெல்லிசா நூல்ல தொங்கிட்டிருக்கும்மா. அடி பட்டதுல அந்த நூலெல்லாம் அறுந்துபோச்சு. லென்ஸ் கழண்டு பின்னாடி விழுந்து கெடக்கு. நீங்க பாக்கற வட்டம் அதுதான்."

"எடுத்துடுங்க."

"அது அவ்வளவு லேசு இல்ல. பின்னாடி பூரா கூழு மாதிரி இருக்கும். அதுக்கு அடியில விழித்திரை. எடுக்கப்போயி அது கிழிஞ்சா மொத்தமும் போயிடும். அங்கயே கெடக்கட்டும், சில பேருக்கு வருஷக்கணக்கா சும்மா கெடக்கும். தடிமனா ஒரு கண்ணாடி எழுதித் தரேன். இன்னொரு கண்ணுதான் நல்லா இருக்கே."

"எனக்குள்ள கழண்டு கெடக்கிற சாமான் எனக்கு எதுக்கு டாக்டர்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு எழுதினார். அந்தக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டால் ஒரே பொருள் இரண்டாகத் தெரிந்தது. இடது கண்ணில் பெரிதாக ஒன்று, வலது கண்ணில் அதன் பக்கத்தில் சின்னதாக ஒன்று. சாந்தோஸ் உரியேல் தெருவில் நின்று அவளுக்கு ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தான். அவள் பிடிக்கப்போனது பெரிய பந்தை. சின்னப் பந்து அவள் நெஞ்சில் பட்டு விழுந்தது.

"இதுல எந்தப் பந்துக்கு நான் ஸ்ட்ரைக் சொல்ல?" என்று கண்ணாடியைக் கழற்றிப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டாள்.

"விடேன் லீலா. ஒரு கண்ணு போதாதா?" என்றான் அவன்.

"ஒனக்கு எதுக்கு ரெண்டு காலு? நாளைக்கு வண்டிய ஒத்தக் கால்ல மிதிச்சு சந்தைக்குப் போய்ட்டு வா. அப்பறம் பேசலாம்."

ஆலையில் மேற்பார்வையாளர் அவளைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டு, கீழே விழும் கடலைத் தோலைக் கூட்டும் வேலையில் போட்டார். இரக்கப்பட்டுத்தான் செய்தார், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பை ஆரஞ்சோடு தோன் எவெனோர் வீட்டுக்கு வந்தார். கட்டுக்கம்பியைப் பற்றி அவர் பேசவில்லை. சீசன் முடிவில் அவளுக்கு மரியாதை செய்து, பெயர் பொறித்த மரப்பலகை ஒன்று தரப்போவதாகச் சொன்னார்.

"எதுக்கு மரியாதை? நான் செத்தா போயிட்டேன்?"

"இல்ல லீலா, ஓய்வு குடுக்கிறோம்..."

"நான் கேட்டேனா? அந்தப் பலகையில நான் என்ன, பாலாடைக்கட்டியா நறுக்கப்போறேன்? எடம் காலியா இருக்கட்டும் தோன் எவெனோர். நான் வருவேன்."

ஐந்தாவது வாரம் கண் சிவந்தது. நெற்றிப்பொட்டில் ஆணி அறைகிற மாதிரி வலி. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஊர் டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. விழுந்து கிடந்த லென்ஸ் கசிய ஆரம்பித்திருந்தது, கண்ணுக்குள் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. சொட்டு மருந்தையும் ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்து, உடனே தலைநகர் மனாகுவாவுக்குப் போகச் சொன்னார். "நான் அன்னைக்கே எடுக்கச் சொன்னேன்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலை அவள் பஸ் ஏறினாள். சாந்தோஸ் உரியேல் இரண்டரை மணி நேரமும் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தான்.

மனாகுவா ஆஸ்பத்திரியில் பின்கண் அறுவைக்கு இருந்தது டாக்டர் நினோஸ்கா உர்ரோஸ். குட்டையான பெண். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அவுரா லீலாவின் கண்ணை எல்லாத் திசையிலும் உருட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நேராகக் கேட்டாள்.

"பயமுறுத்தலாமா, வேண்டாமா?"

"சொல்லுங்க."

"அழுத்தத்தால நரம்பு கொஞ்சம் கெட்டிருக்கும். அது திரும்ப வராது. மீதியக் காப்பாத்தணும்னா அத வெளிய எடுத்தே ஆகணும். கண்ணோட வெள்ளையில மூணு சின்ன ஓட்டை போடுவேன். ஒண்ணுல தண்ணி போகும், ஒண்ணுல வெளக்கு, ஒண்ணுல கருவி. மொதல்ல லென்ஸ சுத்தியிருக்கிற கூழ முழுக்கக் கொறிச்சு எடுக்கணும். அத எடுக்காம லென்ஸப் புடிச்சு இழுத்தா, கூழு விழித்திரையவும் சேத்து இழுத்துக்கிட்டு வந்துடும். அங்கதான் கிழியறது."

"அப்பறம் இடுக்கியில எடுத்துடுவீங்களா?"

"சின்ன வயசுன்னா லென்ஸ் மெத்துனு இருக்கும், கொறிக்கிற கருவியாலயே தின்னுடலாம். ஒங்க வயசுக்கு நடு கெட்டியாகியிருக்கும். அதிர்ற ஊசி ஒண்ணு இருக்கு, அது உடைச்சு உடைச்சு உறிஞ்சும். காயம் சின்னதா இருக்கும். அதுதான் என் திட்டம். அது நடக்கலேன்னா, தண்ணிய விடக் கனமான ஒரு திரவத்த உள்ள விட்டா லென்ஸ் அது மேல மெதந்து முன்னாடி வந்துடும். மேல கொஞ்சம் பெரிசா வெட்டி, முழுசா எடுக்கணும்."

"புது லென்ஸ்? தொங்கற நூல்தான் அறுந்துபோச்சே, எதுல மாட்டுவீங்க?"

டாக்டர் நினோஸ்கா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை நோயாளிகள் யாரும் கேட்பதில்லை.

"வெள்ளைச் சுவருக்குள்ள ரெண்டு பக்கமும் ஊசி அகலத்துக்கு சுரங்கம் தோண்டி, லென்ஸோட ரெண்டு காலையும் அதுல செருகிடுவேன். நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"அம்பயர்."

"கடவுளே. எங்க வீட்டுக்காரர எஸ்தெலி மைதானத்துல ஒரு அம்பயரம்மா வெளிய அனுப்பினாங்க, ரெண்டு வருஷமா அதையே சொல்லிட்டிருக்கார்."

"எஸ்தெலிக்கு நான் போனதில்ல. ஆனா அவர் தப்புதான் பண்ணியிருப்பார்" என்றாள் அவுரா லீலா.

மரத்துப்போக ஊசி போட்டு, விழித்த நிலையிலேயே அறுவை நடந்தது. முகத்தின் மேல் துணி, இடது கண்ணுக்கு மட்டும் ஓட்டை. வலி இல்லை. ஆனால் தெரிந்தது. முதலில் வெறும் வெளிச்சம், பிறகு அந்த வெளிச்சத்துக்குள் கருப்பாகக் கம்பிகள் வந்து போயின. கூழ் கொறிபடக் கொறிபட, சோப்புத் தண்ணீர் விலகிக்கொண்டே வந்தது. அடியில் அந்த வட்டம் கிடந்தது.

அப்போது ஒரு நர்ஸின் குரல் கேட்டது. "டாக்டர், ஊசி அதிரல."

மாற்று வயர் போட்டுப் பார்த்தார்கள். மிதியடியை மிதித்து மிதித்துப் பார்த்தார்கள். இயந்திரம் பீப் பீப் என்று கத்தியது, அவ்வளவுதான்.

"இன்னைக்கு மூடிட்டு, வேற ஊசி வந்ததும் அடுத்த வாரம் பாக்கலாமா டாக்டர்?" என்றது இன்னொரு குரல், ஆண் குரல்.

துணிக்கு அடியிலிருந்து அவுரா லீலா பேசினாள். "மூடாதீங்க."

இயந்திரத்தின் பீப் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"நான் இத உள்ள வெச்சுக்கிட்டு ஊருக்குப் போக வரல. ரெண்டு வழி சொன்னீங்க. ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல?"

"நீங்க பேசினா கண்ணு ஆடுது" என்றாள் டாக்டர் நினோஸ்கா. "இப்ப நான் அம்பயர். வாய மூடிட்டுப் படுங்க." பிறகு நர்ஸிடம், "கனத் திரவம் எடு. மேல வெட்டறதுக்குக் கத்தி தயாரா வை. யாரும் எதையும் மூடல."

அந்தத் திரவம் உள்ளே இறங்கியதை அவுரா லீலா பார்த்தாள். கண்ணாடிக் குண்டு ஒன்று உருண்டு வந்து பரவிய மாதிரி அடியில் பளபளத்தது. அதன் மேல் அந்த வட்டம் அசைந்தது. விளிம்பு தூக்கியது. ஐந்து வாரமாக அவளை ஏமாற்றி ஏமாற்றி ஒளிந்த சாமான், இப்போது போக இடமில்லாமல் மெல்ல மெல்ல ஏறி அவள் பார்வையையே அடைத்துக்கொண்டு வந்து நின்றது. பிறகு எங்கோ நெற்றிப் பக்கம் ஓர் அழுத்தம், ஒரு வழுக்கல். வெளிச்சம் திறந்தது.

"வெளிய வந்துடுச்சு" என்றாள் டாக்டர்.

அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் ஆனது. ஓரத்தில் விழித்திரையில் சின்னக் கிழிசல் ஒன்று இருந்தது, அடிபட்ட அன்றே விழுந்தது. அதைச் சுற்றி லேசர் சூடு வைத்தாள். திரவத்தை உறிஞ்சி எடுத்தாள். சுரங்கம் தோண்டி, புது லென்ஸின் முதல் காலைச் செருகினாள். இரண்டாவது கால் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நின்றது. முடிந்ததும் துணியை விலக்கி, ஒரு கிண்ணத்தை வலது கண் பக்கம் காட்டினாள். மங்கலான மஞ்சள் நிறத்தில், பயறைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் அவுரா லீலா. "இதுக்கா அத்தன ஆட்டம் ஆடினான்?"

நான்கு மாதத்தில் பார்வை திரும்பியது. முழுதாக வரவில்லை. மூக்குப் பக்கம் ஓரத்தில் கொஞ்சம் இருட்டு நின்றுவிட்டது. அடிபட்டதில் விரிந்த கண்பாவை சுருங்கவே இல்லை, அதனால் வெயில் ஊசி மாதிரி குத்தியது. டாக்டர் நினோஸ்கா கருப்புக் கண்ணாடி போடச் சொன்னாள். ஆனால் கண் சோதிக்கும் எழுத்துத் தாளில் கடைசிக்கு முந்தின வரியை இடது கண் தனியாகப் படித்தது. படித்து முடித்ததும் அவுரா லீலா அதே மாதிரித் தாள் ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். எதற்கென்று சாந்தோஸ் உரியேல் பஸ்ஸில் கேட்டான்; வீட்டில் சுத்தியல் இருக்கிறதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கண்ணைச் சோதிக்காமல் அவளைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று பேச, லீக் கூட்டம் மைதானத்துக் கொட்டகையில் கூடியது. கருப்புக் கண்ணாடியோடு அவள் உள்ளே வந்ததும் பின்னால் யாரோ, "முப்பது வருஷமா அம்பயரக் குருடன்னு கத்தினோம், கடவுள் இப்பத்தான் கேட்டிருக்காரு" என்றான். கொட்டகை சிரித்தது. அவளும் சிரித்தாள், நன்றாக இருந்தது. அப்புறம் சுத்தியலை எடுத்து எழுத்துத் தாளைத் தூணில் அடித்தாள். ஆறு தப்படி நடந்து கோடு கிழித்தாள்.

"என் கண்ணச் சோதிக்கணும்னு சொல்றீங்க. நியாயம். அப்ப எல்லாரும் சோதிக்கலாம். லீக்ல தீர்ப்பு சொல்ற ஒவ்வொருத்தனும் இங்க வந்து நின்னு படிக்கட்டும்."

"இது என்ன கூத்து?" என்றார் தோன் எவெனோர்.

"நீங்களும்தான். மூணாவது நடுவர் இல்லாதப்ப நீங்கதான நிக்கறீங்க?"

அவள் முதலில் நின்றாள். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மேலிருந்து கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் சத்தமாகப் படித்தாள். அடுத்து வந்த அம்பயர் ஐந்தாவது வரியில் தடுமாறினார். இன்னொருவர் அவசரமாகச் சிறுநீர் கழிக்கப் போனவர் திரும்பவே இல்லை. தோன் எவெனோர் கோட்டில் நின்று, கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, மூன்றாவது வரியில் இருந்த எழுத்தை எட்டு என்றார்.

"அதுல நம்பரே கெடையாது தோன் எவெனோர்" என்றாள் அவுரா லீலா.

சிரிப்பு இந்தத் தடவை வேறு பக்கம் போனது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அவளை, ஓடுகிறவர்களை மட்டும் பார்க்கிற முதல் பேஸில் நிறுத்தலாம், கேட்சருக்குப் பின்னால் மட்டும் வேண்டாம் என்று அவர் சமரசம் பேசினார்.

"கேட்சருக்குப் பின்னாலதான் நான் அடிபட்டேன். அங்கதான் நிப்பேன். புது முகமூடி நாலு வாங்குங்க, எல்லா அம்பயருக்கும். கட்டுக்கம்பி சுத்தினத எவனாவது என் கையில குடுத்தா அத உங்க தலையில மாட்டி நானே பந்து வீசுவேன்."

இரண்டு வாரம் இழுத்தார்கள். மூன்றாவது ஞாயிறு நான்கு பளபளப்பான முகமூடிகள் வந்தன. ஒன்றை எடுத்து, கருப்புக் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டு அவள் போய் நின்றாள்.

கூட்டம் அவளை விட்டுவைக்கவில்லை. எவனோ ஒரு குச்சியை வெள்ளைத் துணி சுற்றி வேலிக்கு மேலே நீட்டி, "அம்மா, கைத்தடிய மறந்துட்டீங்க" என்றான். அவள் திரும்பவில்லை. முதல் பந்து வந்தபோது முகம் தானாக ஒதுங்கப் பார்த்தது. கழுத்தை இறுக்கி அப்படியே வைத்துக்கொண்டாள். பந்து கேட்சரின் கையுறையில் அறைந்தது. ஒரே பந்து. ஒன்றே ஒன்று. "ஸ்ட்ரைக்!" என்று அவள் கத்திய கத்தலில் பேட் பிடித்தவனே திடுக்கிட்டான்.

எட்டாவது சுற்றில் ஓணான்கள் அணிப் பையன் ஒருவன் ஓட்டத்தை முடிக்க, கேட்சரின் முன்னால் பதித்த தட்டை நோக்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி வந்தான். கேட்சர் பந்தால் அவனை முதலில் தொட்டானா, அவன் கால் முதலில் தட்டில் பட்டதா என்று நூறு பேர் நூறு விதமாகக் கத்தினார்கள். அவுரா லீலா குனிந்து நின்றிருந்தாள். அவுட் என்றாள். மைதானத்தில் தண்ணீர்ப் பைகள் வந்து விழுந்து வெடித்தன. ஓணான்களின் மேலாளர் அவள் மூக்குக்கு நேரே வந்து, "எந்தக் கண்ணால பாத்த? கடையில வாங்கின கண்ணாலயா, பொறந்த கண்ணாலயா?" என்று கேட்டார்.

"ரெண்டாலயும் பாத்தேன். ரெண்டும் அவுட்டுன்னுது. நீயும் போறியா?" என்று விரலை வாசல் பக்கம் திருப்பினாள். மேலாளர் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறு திங்கட்கிழமை ஆலையில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் பட்டை முன்னால் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். மேற்பார்வையாளர் ஒரு மணி நேரம் பின்னால் நின்று அவள் கையைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்.

அவள் இன்னும் ஒன்பது வருஷம் அம்பயராக நின்றாள். அழுத்தம் முழுசாக அடங்காததால், தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டே ஆக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, கையைத் தூக்கி நிறுத்துவாள். முகமூடியைக் கழற்றி, தலையை அண்ணாந்து, ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பந்து வீசுகிறவன் மேட்டில் காத்திருப்பான். பேட்காரன் குதிகாலில் குந்துவான். வேலியோரம் சத்தம் தானாகத் தணியும். அவசரப்பட்டு யாராவது சீட்டியடித்தால் இன்னும் ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்வாள்.